ஆலமரத்தில் அப்பன் குரல்

நெடுங்கல்வலசில் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை நாய் தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டோம், குழி தோண்டிப் புதைக்கவும் மாட்டோம். வைக்கோலோடு சேர்த்துப் பழைய சாக்கில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, பால் சொசைட்டிக்கு எதிரே நிற்கும் ஆலமரத்தில் தொங்கவிட்டுவிட்டு வருவோம், ஏனென்றால் ஆலமரம் பால் மரம், அதில் கொடி தொங்கினால் மாட்டுக்கு மடி நிறையப் பால் ஊறும் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறோம், நம்பாதவர்களும் எதற்கு வம்பு என்று கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அப்படித் தொங்கிய மூட்டைகளில் ஒன்று, ஒரு பங்குனி மாதத்துக் காலையில், நாங்கள் கேனும் கையுமாகப் பால் ஊற்ற வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அடித்தொண்டையிலிருந்து நீளமாகக் கத்தியது.

யாரும் அலறவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இது இன்னார் வீட்டுக் காளை, இது இன்னார் வீட்டு எருது என்று குரலை வைத்தே சொல்லத் தெரியும், ஆகவே மூட்டை கத்தியதும் எல்லோருடைய கழுத்தும் மரத்தின் பக்கம் திரும்பாமல் சொசைட்டி செக்ரட்டரி நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பியது. அது நாச்சிமுத்துவின் வண்டி மாடு செவலையின் குரல். அதன் கொம்பிலிருந்து குளம்பு வரை எங்களுக்குத் தெரியும், அது கத்தி முடிக்கும்போது கடைசியில் ஒரு விக்கல் விக்கும், மூட்டையும் விக்கியது. மூட்டை கன்றின் அப்பன் குரலில் கத்தியதில் எங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் என்னவென்றால் செவலை காயடித்த மாடு, அதற்குக் காயடித்ததே நாச்சிமுத்துதான், அதைப் பற்றி அவர் கல்யாண வீடுகளில்கூடப் பெருமையாகப் பேசுவார்.

“ஏனுங் நாச்சிமுத்து,” என்றாள் அந்த மூட்டைக்குச் சொந்தக்காரியான ரங்கநாயகி, பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க அடிச்சது எதைங்க?”

வரிசை சிரித்த சிரிப்பில் யாருடைய பாலோ சிந்தியது. நாச்சிமுத்து பால் அளக்கும் கருவியையே முறைத்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து புதிதாகக் கட்டும் மூட்டைகளெல்லாம் காய்ந்து சுருங்கும் வரைக்கும் தினமும் பால் ஊற்றும் நேரத்தில் கத்தின, ஒவ்வொன்றும் தன் அப்பன் குரலில் கத்தியது, கன்றுக்குட்டிகள் தொழுவத்திலிருந்தபடியே காதை உயர்த்திக் கேட்டன, தாய் மாடுகள் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல அசைபோட்டுக்கொண்டிருந்தன. சினை ஊசியில் பிறந்த கன்றுகளின் மூட்டைகள் நாங்கள் பார்த்தேயிராத காளைகளின் குரலில் கத்தின, ஒன்று மூக்கால் கத்தியது, அது வெளிநாட்டுக் காளையாக இருக்கும் என்று முடிவுசெய்து அதற்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுத்தோம். டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டுக் கத்துமரம் எல்லாம் இறங்கு என்று கூவத் தொடங்கினார், பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனையைக் கால் மணி நேரம் தள்ளிவைத்தார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி ஒலிபெருக்கியின் வாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டினார். மாடு வாங்க வந்த வெளியூர் ஆட்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, மூட்டை எங்கே தொங்குது, ஒருக்காக் கேட்டுட்டு வந்துடறோம் என்றார்கள். ஒரு மாதத்தில் இதுவும் வெயில் மழைபோலப் பழகிவிட்டது.

பழகாத ஒரே ஆள் பாவாத்தாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே நகர்த்த முடியாது, நகர்த்தினால் அவளே வந்து நிறுத்திவிடுவாள். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே புருஷன் குமாரசாமியைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையான மகன் சென்னியப்பனையும் ஒரு பட்டி மாட்டையும் ஒற்றை ஆளாக வளர்த்தவள். சென்னியப்பன் இப்போது காங்கயத்துப் பக்கம் தேங்காய் உலர்த்தும் களம் வைத்திருக்கிறான், அப்பனைப் போலவே அதிகம் வாய் திறக்காதவன். பட்டியில் வளர்ந்ததோ மயிலான். மயிலான் ஒரு பூச்சிக்காளை, பசுக்களைச் சினைப்படுத்துவதற்கென்றே வளர்க்கும் காளை, அது திமிலை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து வந்தால் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் தானாக ஒதுங்கும். சுற்று வட்டாரத்தில் பிறக்கும் கன்றில் பாதி மயிலான் கன்று என்பது பாவாத்தாளின் கணக்கு, அந்தக் கணக்கில் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

இங்கே ஊரின் குட்டு ஒன்றை உடைத்தாக வேண்டும். மாட்டை மயிலானிடம் பிடித்துக்கொண்டு போவோம், மயிலானும் தன் காரியத்தைக் கம்பீரமாகச் செய்து முடிக்கும், பாவாத்தாள் மாட்டின் முதுகில் தட்டிப் பலிச்சிரும் போ என்று அனுப்பிவைப்பாள், மாடு மூன்றே வாரத்தில் மறுபடியும் காளை கேட்டுக் கத்தும். உங்கள் காளை பலிக்கவில்லை என்று பாவாத்தாளிடம் போய்ச் சொல்ல எங்களில் யாருக்குத் துணிச்சல்? ஆகவே ஒருவர் சத்தமில்லாமல் மாட்டுக்குச் சினை ஊசி போட்டுவிடுவார், இன்னொருவர் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, எந்தக் காளை வந்தாலும் வரட்டும் என்று வேலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், கன்று விழுந்ததும் ஒரு போசியில் சீம்பாலைக் கொண்டுபோய்க் கொடுத்து, அக்கா, மயிலான் கன்னுங்க, அப்படியே உரிச்சு வச்சிருக்குது என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வருவோம். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் மாட்டுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மரம் கத்தத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், ஏனென்றால் மரத்தில் எத்தனையோ குரல் கேட்டது, மயிலான் குரல் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பாவாத்தாள் தினமும் வரிசைக்கு வந்தாள், பால் இல்லாத நாளிலும் வந்தாள், புதிய மூட்டை கட்டியிருந்தால் அதற்கு நேர் கீழே போய் நின்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஒன்று விக்கும், ஒன்று மூக்கால் கத்தும். அவள் வீட்டுக்குப் போவாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் எஸ்தர் மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

“மரம் பொய் சொல்லுதுங்க டாக்டரம்மா. அதை வெட்டிப்போடச் சொல்லி எழுதிக் குடுங்க.”

டாக்டர் எஸ்தர் மரத்தை வெட்ட எழுதிக் கொடுக்கவில்லை. பட்டிக்கு வந்து மயிலானிடம் மாதிரி எடுத்துக்கொண்டு போய், மறுநாள் பாவாத்தாளைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். பாவாத்தாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவள், உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினாள்.

“ஏஞ்சாமி! என்ன ஓட்டம் ஓடுதுங்க! ஆத்துல மீன் ஏறுனாப்பல! இதுக்கு என்னங்க கொறை?”

“ஓட்டத்துல ஒரு குறையும் இல்லம்மா. குறை தலைக்குள்ள,” என்றார் டாக்டர் எஸ்தர். “அந்த வால் இருக்கு பாருங்க, அது வழி நடக்கத்தான். முட்டைக்குள்ள நுழைஞ்சதும் அதுக்கு வேலை முடிஞ்சுது. கூட வர்ற மத்த சாமானையும் முட்டையே ஒழிச்சுக் கட்டிடும். உள்ள போய் நிலைக்கிறதுன்னா முக்கியமா தலைக்குள்ள இருக்கிற உட்கருதான். அப்பன் குடுக்கிற பாதி மொத்தமும் அதுக்குள்ளதான் மடிச்சு, அமுக்கி, இறுக்கிக் கட்டியிருக்கு. முட்டைதான் அந்தக் கட்டை அவிழ்க்கும். அவிழ்த்ததும் அது உப்பிப் பெருசாகி, அம்மாவோட பாதிக்குப் பக்கத்துல வந்து நிக்கும், ரெண்டும் சேரும், அப்புறம்தான் கன்னு.”

“மயிலானோடது?”

டாக்டர் சாயம் போட்ட இன்னொரு கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். “கட்டு வெளியில பாக்க நல்லாத்தான் இருக்கு. பிரிச்சா உள்ள எல்லாம் துண்டு துண்டா அறுந்து கெடக்கு. முட்டை எவ்வளவுதான் ஒட்டுப்போடும்? அது பொறந்ததுலயே அப்படி. யார் தப்பும் இல்லை.”

பாவாத்தாள் கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “அப்பறம் எதுக்குங்க நஞ்சுக்கொடி கத்துது? கன்னு கத்த வேண்டியதுதானே?” என்றாள்.

“எலியை வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ரெண்டு பாதியையும் அம்மா பக்கத்துல இருந்தே எடுத்து வச்சா குட்டி உருவாகுது, ஆனா கொடி சரியா வளரலை, குட்டியும் நிலைக்கலை. ரெண்டையும் அப்பன் பக்கத்துல இருந்து எடுத்தா கொடி தளதளன்னு வளருது, குட்டி தேறலை. குட்டிக்குச் சோறு தண்ணி கொண்டுவர்ற கொடியை வளர்க்கிறதுல அப்பன் பாதிக்குப் பங்கு ஜாஸ்தி. அதனால கொடி அப்பன் குரல்ல கத்துறது நியாயம்தான். ஏன் கத்துதுன்னு மட்டும் எனக்குத் தெரியலை.”

இந்தச் சேதி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்தபோது உட்கரு என்ற பெயர் வழியில் உதிர்ந்துபோய்ப் பொட்டலம் என்று ஆகியிருந்தது. ஆண்கள் சில நாள் டீக்கடையில் மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், இத்தனை மீசையும் இத்தனை அதிகாரமும் கடைசியில் ஒரு பொட்டலம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தானா என்று அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். பெண்கள் வருந்தவில்லை. கட்டிக்கிட்டு வர்றது அவுங்க, அவுத்து அடுக்கறது நாமன்னு அங்கயும் அதே கதைதானா என்று ரங்கநாயகி களை வெட்டிக்கொண்டே கேட்க, காடு முழுக்கச் சிரித்தது.

நாச்சிமுத்துவுக்குச் செவலை விஷயத்தில் பட்ட அவமானம் ஆறவில்லை. மயிலானை அடிமாட்டு வியாபாரிக்குத் தள்ளிவிடச் சொல்லி அவர்தான் முதலில் யோசனை சொன்னார். “அவன் என்ன பண்ணுவான்?” என்றாள் பாவாத்தாள். “ஓடத்தான் ஓடறான். நானே கண்ணுல பாத்தேன்.” அன்றைக்கு மயிலானுக்குப் பருத்திக்கொட்டை வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தது. காளைக்கு வேலை இல்லை, ஆனால் குளியல் உண்டு, கொம்புக்கு எண்ணெய் உண்டு, சாயங்காலத்தில் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஒரு நடை உண்டு. யாராவது உதட்டோரம் சிரித்தால் பாவாத்தாள் நின்று அவர்களைப் பார்ப்பாள், சிரித்தவர் இருமத் தொடங்கிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னியப்பன் பெண்டாட்டி தாரணி, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, நிறைமாதமாக இருந்தாள். நாச்சிமுத்து ஒரு நாள் காலையில் பாலை அளந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், கேனைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்: “காளை விசயம் அப்படி ஆயிப்போச்சு. மருமவ இத்தனை வருசத்துக்கப்பறம் உண்டாயிருக்குது. நான் ஒண்ணும் சொல்லலீங்க. மரந்தான் சொல்லும்.”

பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“கேட்டுக்க நாச்சி. பேரனோ பேத்தியோ, பொறந்த கையோட அந்த நஞ்சுக்கொடியைக் கொண்டாந்து இதே மரத்துல நானே கட்டறேன். என்ற பையன் குரலு கேக்கும். கேட்டுப்போட்டு அன்னைக்கோட உன்ற வாயைத் தெச்சுக்க.”

மனுஷர் நஞ்சுக்கொடியை அதுவரை யாரும் மரத்தில் கட்டியதில்லை. கட்டக்கூடாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வந்தது, ஆனால் கேட்டுப் பார்க்கவும் ஆசை வந்தது, ஆசை கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது.

சபதத்தைக் கேட்டுத் தாரணி சமையலறையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காரணம் எங்களுக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும், ஆனால் தெரியாது என்றுதான் சொல்வோம். தாரணிக்குத் தைராய்டு என்று ஊரில் சொல்லிவிட்டு அவளும் சென்னியப்பனும் கோயமுத்தூருக்கு நடையாய் நடந்தார்கள், அது தைராய்டுக்கு அல்ல. அங்கே ஒரு டாக்டர் சென்னியப்பனிடம், ஓட்டம் நன்றாக இருக்கிறது, உட்கருவுக்குள் எல்லாம் அறுந்து கிடக்கிறது என்று, எங்கள் டாக்டர் எஸ்தர் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். பல வழியும் பார்த்து, எதுவும் பலிக்காமல், கடைசியில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசி முடிவுசெய்து, பேரும் ஊரும் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துவிட்டுப் போன அப்பன் பாதியை வாங்கிக்கொண்டார்கள். தாரணியின் முட்டை அந்தக் கட்டை அவிழ்த்தது.

“அத்தைகிட்டச் சொல்லிப்போடுங்க,” என்றாள் தாரணி. “மரத்துல வேறாரோ பேசுனா ஊரு என்னையத்தானுங்க பேசும். உங்களைப் பேசாது.”

“சொல்லிப்போடறேன்.”

சென்னியப்பன் பட்டிக்குப் போனான். பாவாத்தாள் மயிலானுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். “அம்மா,” என்றான். “என்ன கண்ணு?” என்றாள். “மழை வருமாட்ட இருக்குது,” என்றான். மறுநாள் போய், “அம்மா, பருத்திக்கொட்டை இருக்குதா,” என்றான். அதற்கடுத்த நாள் போய் ஒன்றும் கேட்காமல் மயிலானின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தான். பேசிப் பழகாதவனுக்கு முதல் பேச்சே இதுவாக அமைந்தால் பாவம் என்ன செய்வான்? எங்களுக்கு அவன்மேல் கோபமும் உண்டு, இரக்கமும் உண்டு. கடைசியில் தாரணியிடம் வந்து சொன்னான்: “அம்மாகிட்டத் தனியாச் சொல்ல எனக்கு வாய் வரலை. அப்படி வேற குரலு கேட்டுச்சுன்னா மரத்தடியிலயே நின்னு ஊருக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். உன்னைய ஒருத்தர் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்.” தாரணி அவனை நம்பினாள். நம்பினாலும் பயம் போகவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறை வாசலில் பாவாத்தாள் மூடி போட்ட தூக்குப்போசியோடு நின்றாள். இதையெல்லாம் வெளியில் தரமாட்டோம் என்று நர்ஸ் சொன்னார், பிறகு பெரிய நர்ஸ் வந்து சொன்னார், பிறகு டாக்டரே வந்து சொன்னார், அரை மணி நேரத்தில் மூவரும் சேர்ந்து போசியை நிரப்பிக் கொடுத்து மூடியையும் அழுத்தி மூடிவிட்டார்கள். பேத்தியின் நஞ்சுக்கொடியைச் சாக்கில் சுற்றப் பாவாத்தாளுக்கு மனசு வரவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, புருஷன் குமாரசாமி கல்யாணத்தன்று கட்டியிருந்த மயில்கண் வேட்டியை எடுத்து, அதில் வைக்கோலோடு சுற்றி, புதுக் கயிற்றால் கட்டி, கையெட்டும் உயரத்தில் இருந்த நல்ல கிளையாகப் பார்த்துத் தொங்கவிட்டாள்.

மறுநாள் பால் ஊற்றும் நேரத்துக்கு மாடே இல்லாதவர்களும் கேனோடு வந்துவிட்டார்கள். டவுன் பஸ் நின்றது, கண்டக்டர் விசில் கொடுக்க மறந்தார். டாக்டர் எஸ்தர் ஏதோ தடுப்பூசிக் கணக்கு எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஓரமாக நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கார் மரத்தடிக்கு வந்ததும் தாரணி நிறுத்தச் சொல்லி, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. சென்னியப்பன் காருக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றான்.

முதலில் மாட்டு மூட்டைகள் வழக்கம்போலக் கத்தின, ஒன்று விக்கியது, ஒன்று மூக்கால் கத்தியது, எல்லாம் ஓய்ந்தன. மயில்கண் வேட்டி மூட்டை லேசாக ஆடியது. தொண்டையைச் செருமியது. பிறகு, மணி அடித்ததுபோல ஒரு வாலிபக் குரல்:

“ஏ, என்னய்யா இது, எல்லாரும் இப்படி அண்ணாந்து பாக்கிய? எம் மூஞ்சில எதும் ஒட்டியிருக்கா?”

எங்கள் ஊரில் மட்டுமல்ல, எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி எந்தப் பக்கம் போனாலும் வெகுதூரத்துக்கு யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அது அசல் திருநெல்வேலிச் சீமைப் பேச்சு. நாச்சிமுத்துவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எல்லோருடைய கழுத்தும் மரத்திலிருந்து காரை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது, தாரணி குழந்தையின் முகத்தைச் சேலையால் மூடினாள், அப்போது சென்னியப்பன் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

“எல்லாருக்கும் ஒண்ணு சொல்லோணுங்க,” என்றான். “அது வந்துங்க, எனக்கு...”

பாவாத்தாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எப்படிப் பார்த்தாளோ அப்படிப் பார்த்தாள். மழை வருமாட்ட இருக்குது என்று அவன் வந்து நின்றதும், மயிலானின் கழுத்தைத் தடவிவிட்டுப் போனதும், தைராய்டும் கோயமுத்தூரும், எல்லாம் அந்த ஒரு பார்வைக்குள் அவளுக்கு வந்து சேர்ந்தன என்று எங்களுக்குத் தெரிந்தது. பிறகு காருக்குள் இருந்த மருமகளைப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்து உதறி முடிந்துகொண்டு, மரத்தைப் பார்த்து, ஊரே அதிரும்படி ஒரு குரல் கொடுத்தாள்.

“ஏனுங்! வந்துட்டீங்களா! இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்!”

சென்னியப்பன் திறந்த வாயை மூடவில்லை. பாவாத்தாள் எங்கள் பக்கம் திரும்பினாள். “என்ற ஊட்டுக்காரரு. பேத்தியைப் பாக்க வந்திருக்கறாரு.”

“அக்கா,” என்றார் நாச்சிமுத்து, “குமாரசாமி மாமன் இப்படிப் பேசமாட்டாருங்களே?”

“அவுரு பேசி நீ எப்பக் கேட்ட?”

நாச்சிமுத்து யோசித்தார். நாங்களும் யோசித்தோம். குமாரசாமி பேசி யாரும் கேட்டதில்லை. பாவாத்தாள் வந்த பிறகு அவருக்கு அதற்கு வாய்ப்பே அமையவில்லை.

“கண்ணாலத்துக்கு முன்னால தூத்துக்குடி உப்பளத்துக்கு லாரி ஓட்டுனவரு. ஊட்டுக்குள்ள அப்படித்தான் பேசுவாரு, எங்கூட மட்டும். அதையெல்லாம் உன்னையக் கூப்புட்டு வச்சா பேசுவாங்க?”

“சரிங்க, ஆனா மரத்துல அப்பன் கொரலுதானுங்களே கேக்கும்? இது தாத்தனாச்சுங்களே?”

“அவுரு வேட்டியில சுத்துனா அவுருதானடா பேசுவாரு! சாக்குல சுத்தியிருந்தா என்ற பையன் பேசியிருப்பான். சந்தேகமா இருந்தா நீ ஒண்ணு பெத்துக் குடு, சாக்குல சுத்திப் பாத்துரலாம்.”

சிரிப்பு வரிசையின் ஒரு முனையில் கிளம்பி மறு முனைவரை போய் வந்தது. அது அடங்கிய அந்த ஒரு நொடியில் தாரணியின் வாழ்க்கை எங்கள் கையில் இருந்தது. போசி போசியாகச் சீம்பால் கொண்டுபோய்க் கொடுத்து, மயிலான் கன்னுங்க, உரிச்சு வச்சிருக்குது என்று இத்தனை வருஷம் பொய் சொன்னவர்கள் நாங்கள். காளைக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் சொல்லமாட்டோமா?

“ஆமாங்க,” என்றாள் ரங்கநாயகி கணீரென்று. “குமாரசாமி அண்ணன் கொரலேதான். அப்படியே உரிச்சு வச்சிருக்குது.”

“நானும் அதைத்தான் நெனச்சேன்,” என்றார் பூசாரி. “எங்கய்யன் சொல்லிக் கேட்டிருக்கறேன், அந்தச் செருமலை,” என்றார் வேறொருவர். ஊரே ஆமாம் ஆமாம் என்றது, எங்கள் ஊர்க்காரரே இல்லாத பஸ் கண்டக்டர்கூட, நல்ல மனுசருங்க என்று தலையை ஆட்டினார். நாச்சிமுத்து கடைசி நம்பிக்கையாக டாக்டர் எஸ்தரிடம் போய், இதெல்லாம் நடக்குமாங்க என்று கேட்டார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“மயில்கண் வேட்டியில சுத்தி இதுவரைக்கும் யாரும் ஆராய்ச்சி பண்ணலையே,” என்றார்.

பாவாத்தாள் மகனிடம் போய் அவன் முதுகில் கையை வைத்து, மயிலானைத் தட்டிக்கொடுப்பதுபோலவே ரெண்டு தட்டுத் தட்டினாள். “ஊட்டுக்குப் போ கண்ணு. கொழந்தைக்கு வெயிலு ஆவாது.” அவன் அழுதான், ஊருக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதான். அப்பன் குரலைக் கேட்ட சந்தோஷம் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். தாரணி காரைவிட்டு இறங்கி வந்து, குழந்தையைத் தூக்கி மாமியார் கையில் கொடுத்தாள்.

அந்த மூட்டை சீக்கிரம் காயவில்லை. தினமும் காலையில் ஏதாவது பேசியது, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஏலே, வாலே என்று பேசப் பழகிப் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினார்கள். பால் வரிசை கலைந்த பிறகு பாவாத்தாள் மட்டும் பின்தங்கி, மரத்தடியில் புருஷனோடு பேசிவிட்டு வருவாள். ஒரு நாள் அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, புருஷனைத் தம்பி என்று கூப்பிட்டாள்.

“தம்பி, நீ ஆரு, எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். உன்ற காது அப்படியே கொழந்தைக்கு வந்திருக்குதாட்ட இருக்குது, எங்கூட்டுல ஆருக்கும் அப்படி அழகான காது இல்லை. எங்கிருந்தாலும் நீ நல்லா இருக்கோணும் சாமி.”

மூட்டை மெல்ல ஆடியது. பிறகு கேட்டது: “பிள்ள நல்லா பால் குடிக்காளாம்மா?”

“குடிக்கறா. குடிச்சு முடிச்சதும் அவுங்கப்பன் கையை விட்டு எறங்கமாட்டீங்கறா.”

“அப்பஞ் செல்லம்,” என்றது மூட்டை, சிரித்தது, அதோடு ஓய்ந்துவிட்டது.

பாவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மயிலானுக்குத் தண்ணி காட்டப் போனாள். அந்நேரம் மரத்தடியில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. சொசைட்டிச் சுவருக்குப் பின்னால் ஊர் மொத்தமும் கேனைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றிருந்தது என்பது வேறு விஷயம். நின்றோமே தவிர, நாங்கள் யாரும் எதையும் கேட்கவில்லை.